காடாம்புலியூர்க் கல்லில் கசிந்த எண்ணெய்

நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று போன மாதம் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு ஒரு சால்வையைப் போர்த்தி டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவார்களே, அந்த மாதிரி என்று நினைத்துத்தான் போனேன். சால்வை இல்லை. டீ இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் நீல நிற ரப்பர் உறை மாட்டிய கையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கல்லை உள்ளே போட்டால் போதுமாம். அதுவே பொடிக்குமாம், அதுவே எடை போடுமாம், அதுவே சூடாக்கி ரிசல்ட்டையும் கையில் கொடுத்துவிடுமாம். எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "கையே படாது மேடம்" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. "கையே படாதா?" என்றேன். கேட்ட விதம் சரியில்லை போலிருக்கிறது. அந்தப் பெண் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று விழித்தாள். பிறகு சமாளித்துக்கொண்டு, என் சர்வீஸிலேயே என்னை ரொம்ப ஆடிப்போக வைத்த ரிசல்ட் எது என்று கேட்டாள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் உட்கார்ந்துகொண்டு ஆய்வகம் என்று சொன்னால் எல்லாரும் பழுப்பு நிலக்கரியைத்தான் நினைப்பார்கள். கரியை நிறுத்துப் போடுகிற உத்தியோகத்தில் இருக்கிறேன் என்றுதான் என் மாமியார் கடைசிவரை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சேர்ந்த புதிதில் அது உண்மையும்கூட. பிறகு எண்ணெய் தேடித் துளை போடுகிற கம்பெனிகள் தங்கள் கற்களை எங்களிடம் அனுப்ப ஆரம்பித்தன.

எண்ணெய் என்ன, கிணற்றில் தண்ணீர் மாதிரி ஊறுகிறதா? கடலிலும் ஏரியிலும் செத்து விழுந்த பாசியும் செடியும் களிமண்ணோடு புதைந்து, அந்தக் களிமண் கல்லாக இறுகி, ஆழத்துச் சூட்டில் யுகக்கணக்கில் வெந்தால்தான் எண்ணெய் பிரியும். அப்படி எண்ணெய் கொடுக்கக்கூடிய கல்லுக்கு மூலப்பாறை என்று பெயர். கல்லில் சரக்கு இருக்கிறதா, இருந்தால் அது வெந்துவிட்டதா, இன்னும் வேகவில்லையா என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. அதை வைத்துத்தான் ஒரு இடத்தில் கோடிகளைக் கொட்டி ஆழமாகத் தோண்டுவதா, மூட்டையைக் கட்டுவதா என்று கம்பெனிகள் முடிவு செய்யும்.

துளை போடும்போது உள்ளே ஊற்றிச் சுழற்றுகிற சேற்றோடு, அரைபட்ட கல்துகள் மேலே வரும். கட்டிங்ஸ் என்போம். துணிப்பையில் எங்களுக்கு வந்து சேரும். அதைச் சல்லடையில் கொட்டித் தண்ணீரில் அலசி, மிதமான சூட்டில் உலர்த்தி, பூதக்கண்ணாடிக்கு அடியில் பரப்பி, அந்தக் கல்லுக்குச் சொந்தமில்லாததை எல்லாம் விரலால் பொறுக்கி எறிய வேண்டும். மேலிருந்து சரிந்த மணல் இருக்கும், இரும்புத் துணுக்கு இருக்கும், எங்கள் பக்கத்துத் துளை என்றால் நிலக்கரித் துண்டும் இருக்கும். மிச்சத்தைக் கல்வத்தில் பொடித்து, சட்டைப் பித்தானை விடக் கொஞ்சம் பெரிய கிண்ணத்தில் ஒரு சிட்டிகை வைத்து மெஷினுக்குள் அனுப்புவோம். உள்ளே காற்று இருக்காது, நைட்ரஜன்தான் ஓடும். முந்நூறு டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்தினால், கல்லில் ஏற்கெனவே இருக்கிற எண்ணெய் ஆவியாகி வரும், திரையில் ஒரு மேடு எழும்பும். அது முதல் பீக். அப்புறம் சூடு படிப்படியாக ஏறும். இனிமேல் இந்தக் கல் எவ்வளவு கொடுக்க முடியுமோ அது இரண்டாவது மேடாக எழும்பும். அந்த இரண்டாவது மேட்டின் உச்சி எந்தச் சூட்டில் வருகிறது என்பதில்தான் பதம் தெரியும். நானூற்று முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே வந்தால் கல் வேகவில்லை என்று அர்த்தம்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சென்னியப்பன் சார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஆய்வகத்தின் தலைவரும் அவர்தான். கடைநிலை ஊழியரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், பெண்களை எல்லாம் 'அம்மிணி' என்பார், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. விஷயம் பெரிசு என்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவர் கடிகாரத்தில் கை வைத்தால் நாங்களெல்லாம் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிடுவோம். காலையில் மெஷினைத் துவக்கியதும் முதலில் ஒரு வெற்றுக் கிண்ணத்தை ஓட்டியாக வேண்டும். அதற்கு பிளாங்க் என்று பெயர். பிளாங்க்கில் கோடு தரையோடு தரையாக ஓடினால்தான் அன்றைக்கு வேலை ஆரம்பிக்கும். அது ஓடுகிற வரைக்கும் எந்த ரிசல்ட்டையும் வாயால் சொல்ல மாட்டார்.

நான் வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், தெரிந்துகொண்டேன். ஆனால் கரியிலிருந்து இந்த மெஷினுக்கு மாறிய முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் வெற்றுக் கிண்ணத்தை வைத்து ஓட்டுகிறேன், திரையில் ஜம்மென்று ஒரு மேடு எழும்புகிறது. ஒன்றுமே இல்லாத கிண்ணத்தில் எண்ணெய்! மெஷின் கெட்டுவிட்டது, என் வேலையும் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். சார் வந்து பார்த்தார். மெஷினைப் பார்க்கவில்லை, என் பின்னலைப் பார்த்தார். "அம்மிணி, உங்க தலையில நல்ல எண்ணெய் வயலுங்க. தோண்டினா நம்ம ஆய்வகமே பொழைச்சுக்குமுங்க" என்றார். நான் திருநெல்வேலிக்காரி, குளித்துத் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டிப் பழக்கமில்லை. பின்னலைத் தொட்ட கையால் கிண்ணத்தைத் தொட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் தலையில் எண்ணெய் வைத்ததில்லை. உறை மாட்டினால் பொடி அதில் ஒட்டிக்கொண்டு எடை தப்பும் என்பதால், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி உலர்த்திய வெறுங்கையால்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்பது சார் வைத்த வழக்கம்.

இனி காடாம்புலியூருக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு அதுதான் சொந்த ஊர். சுரங்கத்தில் அவர் பர்மனென்ட். அவர் தம்பி குணா அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். வெளியூர்க்காரர்களுக்கு இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று புரியாது. அண்ணனும் தம்பியும் ஒரே தூசியைத்தான் குடிக்கிறார்கள். அண்ணனுக்கு குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, லீவு எல்லாம் உண்டு. தம்பிக்குக் கழுத்தில் தொங்குகிற ஒரு பாஸ் உண்டு. கான்ட்ராக்டர் மாறினால் அந்த பாஸும் செல்லாது. சொன்ன கெடுவுக்குள் வரிசையில் நின்று புதுப்பித்துக்கொள்ள வேண்டும், தவறினால் அந்த இடத்துக்கு வேறு ஆள் நிற்கும். நான் கல்யாணமாகி வந்தபோது குணா அரை டிரவுசர் போட்ட பையன். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது, இன்னும் பாஸ்தான்.

அந்தக் குடும்பத்து முந்திரித் தோப்பின் ஓரத்தில்தான் ஒரு எண்ணெய்க் கம்பெனி பரிசோதனைத் துளை போட்டது. ஊரில் பாதிப் பேருக்குப் பயம், எண்ணெய் என்று வந்தால் தோப்பு துரவெல்லாம் போய்விடும் என்று. குணாவும் அந்தக் கவலையோடுதான் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணி, எண்ணெய் வரணும்னு சாமிய வேண்டிக்கங்க. ஊரே வரக்கூடாதுன்னு வேண்டிகினு இருக்குது, நீங்க ஒருத்தராவது எனக்காவ வேண்டிக்கங்க. வந்தா தோப்ப எடுப்பாங்க. எடுத்தா எனக்கு பர்மனென்ட்."

உனக்கு யார் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுக்கு வேலை கொடுத்தார்களே, எண்ணெய்க்கு நிலம் கொடுத்தால் மட்டும் சும்மா விட்டுவிடுவார்களா என்பது அவன் கணக்கு. அது வேறு கம்பெனி, இது வேறு கம்பெனி, அந்தக் காலமும் போய்விட்டது என்று நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். காதில் விழுந்தால்தானே. பிள்ளையைப் போல வளர்த்த தோப்பைக் கொடுக்க ஒருவன் இப்படித் துடிப்பானா என்று எனக்கு மனசே ஆறவில்லை. அவன் போன பிறகு அந்த பாஸை நினைத்துப் பார்த்தேன், அப்போது கொஞ்சம் புரிந்தது.

அந்தத் துளையின் கட்டிங்ஸ் எங்கள் ஆய்வகத்துக்கே வருகிறது என்று தெரிந்த அன்றே சாரிடம் போய், இது எங்கள் குடும்பத்து நிலம் சார் என்று சொல்லிவிட்டேன். அவர் பைகளின் மேலிருந்த ஊர்ப் பெயரையும் ஆழத்தையும் மறைத்து, வேறு எண் போட்டுக் கொடுத்தார். எதை நிறுக்கிறேன் என்று எனக்குத் தெரியக் கூடாதாம். அந்த மாதம் முழுக்க ஆய்வகத்துக்கு வந்ததே அந்த ஒரு துளையின் கல்தான். இருந்தாலும் அவர் முறையை அவர் விடவில்லை.

முதல் பத்துப் பன்னிரண்டு பையில் ஒன்றும் விசேஷமில்லை. அதற்கப்புறம் வந்த ஒரு கல்லை ஓட்டினேன். முதல் பீக் எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது, திரையின் மேல் விளிம்பைத் தொட்டு அதற்கும் மேலே போய்விட்டது. என் கை தானாகத் தலைக்குப் போனது. தலையில் எண்ணெய் இல்லை. சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றினார்.

பிளாங்க் ஓட்டச் சொன்னார். தரையோடு தரையாக ஓடியது. கிண்ணத்தை மாற்றச் சொன்னார், மாற்றினேன், அதே மேடு. அடுத்த பையை எடுத்தோம், அதற்கடுத்த பையை எடுத்தோம், எல்லாவற்றிலும் அதே. மெஷின் சுத்தம், கிண்ணம் சுத்தம், ஆக எண்ணெய் கல்லில்தான் இருக்கிறது. இதில் இன்னொரு கூத்து, இரண்டாவது மேட்டின் உச்சி நானூற்றுப் பதினைந்தைத் தாண்டவில்லை. அதாவது அந்தக் கல் வேகவே இல்லை. அடுப்பே மூட்டாத வீட்டில் சாம்பார் கொதிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. சார் அதற்கும் ஒரு நியாயம் சொன்னார். ரொம்ப ஆழத்தில் வேறொரு கல் வெந்து, அதன் எண்ணெய் மேலே ஏறிவந்து இதில் தங்கியிருக்கலாம். உலகத்தில் நிறைய இடத்தில் அப்படி நடந்திருக்கிறது. அப்படியானால் காடாம்புலியூருக்கு அடியில் பெரிய சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சார் ரிப்போர்ட் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார். ஆனால் எண்ணெய்க் கம்பெனியின் நிலவியலாளர் ஒருவர் நேரிலேயே வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் வடலூர் டீக்கடைகளில் அதுதான் பேச்சு. காய்கறி வாங்கப் போன இடத்தில் என்னிடமே ஒருத்தி, உங்க ஊரில் பெட்ரோல் பீறிட்டு அடிக்குதாமே என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ரிப்போர்ட் போகும் முன்னால் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்பது எங்கள் வேலையின் அடிப்படை விதி.

அந்த நாட்களில் என் விரல் நுனிகள் எரிய ஆரம்பித்தன. முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது, பிறகு தோல் உரிந்துகொண்டு வந்தது. கல்லில் இருக்கும் சுண்ணாம்பை எடுக்க அமிலத்தில் கழுவுவோம். ஸ்டோரில் யாரோ அளவு தெரியாமல் அமிலத்தைக் கலந்திருக்கிறார்கள் என்று போய் ஒரு சண்டை போட்டேன். அவர்கள் சோதித்துக் காட்டினார்கள், அமிலம் சரியாகத்தான் இருந்தது. அப்படியும் நான் நம்பவில்லை, முறைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காடாம்புலியூர் போயிருந்தோம். பலா சீசன். முற்றத்தில் சாக்கை விரித்து என் ஓரகத்தி தனலட்சுமி, அதாவது குணாவின் மனைவி, பழம் பிளந்துகொண்டிருந்தாள். நான் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்க உட்கார்ந்தேன், விரல் எரிந்த எரிச்சலில் முடியவில்லை. "நீங்க வுடுங்கக்கா, நான் எடுத்துத் தரேன்" என்று அவள் ஒரு கிண்ணம் நிறையச் சுளைகளை நீட்டினாள். வாங்கக் கையை நீட்டினேன். கிண்ணத்தின் இந்தப் பக்கம் என் விரல்கள், அந்தப் பக்கம் அவள் விரல்கள். அதே கறுப்பு, அதே உரிந்த தோல், நகக்கண்ணில் அதே வெடிப்பு.

அவள் வருஷக்கணக்காக முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கிறவள். கொட்டையின் தோலில் இருக்கும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் கறுத்துவிடும். கல்யாணமான நாளாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிண்ணத்தை வாங்காமல் அப்படியே உறைந்துபோனேன். கல்லைத் தொட்டால் தோல் உரியாதே! பூதக்கண்ணாடிக்கு அடியில் விரலால் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தேனே பழுப்புத் துணுக்குகள், நிலக்கரிதானே என்று ஒரு தடவைகூட உற்றுப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நெய்வேலியில் பழுப்பாக எதைக் கண்டாலும் நிலக்கரி என்றுதான் எங்களுக்குத் தோன்றும். வேறு ஊர் ஆய்வகமாக இருந்தால் இது என்னவென்று ஒருத்தராவது கேட்டிருப்பார்கள்.

குணாவைக் கூப்பிட்டு, துளை போட்டபோது ஏதாவது தகராறு வந்ததா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவனுக்கு ஒரே பெருமை.

"அத்த ஏன் அண்ணி கேக்கறீங்க. மேல மணலு, ஊத்துற சேத்தையெல்லாம் குடிச்சிகினே இருந்துச்சு. ஓட்டைய அடைக்க அவங்க வெச்சிருந்த மருந்தெல்லாம் தீந்துபோச்சு, மெஷின கழட்டிகினு கெளம்பறேன்னுட்டாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. நாந்தான் முந்திரிக் கம்பெனியிலேர்ந்து கொட்டைத் தோல டிராக்டர்ல ஏத்திகினு வந்து, இத்தப் போட்டுப் பாருங்கன்னு சேத்துல கொட்டனேன். ஓட்டையெல்லாம் கப்புனு அடச்சிகிச்சு. அப்பறந்தான் வேலையே ஓடிச்சு."

நான் அங்கிருந்த கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். துளைக்குள் சுற்றுவது திரும்பத் திரும்ப அதே சேறுதான். அந்தத் தோலின் எண்ணெய் சேற்றில் கலந்து, கீழே அரைபட்ட ஒவ்வொரு கல்லின் மேலும் பூசிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் வரவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டவனே தன் கையால் அதைக் கொட்டியிருக்கிறான், அவனுக்கே அது தெரியாது.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே அடுத்ததையும் சொன்னான். கான்ட்ராக்டர் மாறிவிட்டாராம், வெள்ளிக்கிழமைக்குள் போய் பாஸைப் புதுப்பிக்க வேண்டுமாம், இவன் போகப் போவதில்லையாம். "எண்ணெய் வந்தப்பறம் எவன் அண்ணி கான்ட்ராக்டுக்குப் போயி நிப்பான்" என்றான். தனலட்சுமி என் முகத்தைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? என்னிடம் இருந்தது ஒரு சந்தேகம், உரிந்த பத்து விரல். உண்மை என்று ஆனாலும் ரிப்போர்ட் போகும் வரை சொல்லக் கூடாது. வண்டியில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார். தலைவலி என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை சார் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு இன்னொரு பயமும் வந்தது. இது என் புகுந்த வீட்டு நிலம். எண்ணெய் இல்லை என்று நான் சொன்னால், தோப்பைக் காப்பாற்ற இவளே கதை கட்டுகிறாள் என்று நாளைக்குச் சொல்ல மாட்டார்களா? சார் என் விரல்களை விளக்கடியில் வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு, இனி அந்தக் கல்லை நான் தொடக் கூடாது என்றார். ஒரு ஸ்டூலைக் காட்டி, அதில் உட்கார்ந்து பார்க்க மட்டும் சொன்னார். கடிகாரத்தைக் கழற்றினார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே சல்லடை முன்னால் நின்றார். தலைவர் நாற்காலிக்குப் போன பிறகு அவர் அந்த இடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை.

முந்திரித் தோலை வேறு ஆளை அனுப்பி வாங்கிவரச் சொல்லி, அதை மட்டும் தனியாகப் பொடித்து ஓட்டினார். எங்கள் கல்லில் எழும்பிய முதல் மேடு எந்த இடத்தில், எந்தச் சாய்வில் எழும்பியதோ, அதே இடத்தில் அதே சாய்வில் எழும்பியது. அவர் அதோடு விடவில்லை. தோலும் கல்லும் ஒரே மாதிரி மேடு காட்டலாம், அது தற்செயலாகக்கூட இருக்கலாம், கல்லே சொல்லட்டும் என்றார். கட்டிங்ஸில் இருப்பதிலேயே பெரிய துண்டுகளாகப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றின் மேல்பரப்பையும் பிளேடால் சுரண்டினார். துண்டு என்றால் துவரம்பருப்பு அளவு இருக்கும், அவ்வளவுதான். சுரண்டிய தூளைத் தனியாக வைத்தார், உள்ளே இருந்த கல்லைத் தனியாக வைத்தார். எண்ணெய் உள்ளிருந்து வந்திருந்தால் உள்ளேயும் இருக்க வேண்டும். வெளியே பூசியது என்றால் மேலே மட்டும்தான் இருக்கும். ஒரு கிண்ணம் நிரப்பும் அளவுக்குச் சுரண்டவே அரை நாள் போனது. ஒரு ஆழத்துக் கல் போதாது என்று நாலைந்து ஆழத்துக் கல்லை எடுத்து அதே வேலையைச் செய்தார். நடுவில் ஒரு நாள் தன் ஆள்காட்டி விரலை என் பக்கம் நீட்டிக் காட்டினார். நுனி கறுத்துத் தோல் எழும்பியிருந்தது. "இனி நானும் காடாம்புலியூர்க்காரன்தானுங்க அம்மிணி" என்றார்.

வியாழக்கிழமை மதியம் இரண்டையும் ஓட்டினோம். சுரண்டிய தூள் திரையின் விளிம்பைத் தொட்டது. அடுத்து உள்ளே இருந்த கல். முந்நூறு டிகிரி வந்தது, கோடு தரையிலேயே கிடந்தது. நான் எதிர்பார்த்ததுதான், எனக்குத் தெரிந்ததுதான், இருந்தும் அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது மேடு நன்றாகவே எழும்பியது, கல்லில் சரக்கு இருக்கிறது. உச்சி அதே நானூற்றுப் பதினைந்தை ஒட்டித்தான். வேகாத கல். எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரிப்போர்ட் திங்கட்கிழமைதான் போகும் என்றார். நான் பாஸ் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள், நான் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டே யோசித்தார்.

"ரிசல்ட்ட வெளிய சொல்லக் கூடாதுங்க. அதுல மாத்தமே இல்லீங்க. ஆனா வேலைக்குப் போப்பான்னு வூட்டுப் பையனுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட எதுக்குங்க பர்மிஷன்?"

அன்று சாயங்காலமே பஸ் பிடித்துக் காடாம்புலியூர் போனேன். குணா தோப்பில் இருந்தான். துளை போட்ட இடத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து, எந்த வரிசை வரைக்கும் எடுப்பார்கள் என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தான். என்னைத் தனியாகப் பார்த்ததும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"தம்பி, நாளைக்குப் போய் பாஸைப் புதுப்பிச்சுக்கோ" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். எண்ணெயைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. பிறகு கண் கீழே இறங்கி என் விரல்களில் நின்றது. கொட்டை உடைப்பவளின் புருஷன், அவனுக்கு அந்தக் கையைத் தெரியாதா? டிராக்டரில் ஏற்றிவந்து கொட்டியதும் அவன்தானே. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து அவன் முகத்தில் இறங்கியதை நான் நின்று பார்த்தேன். அதை மாதிரி ஒரு கொடுமையை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. கயிற்றை மரத்தடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனான். ஆணியில் மாட்டியிருந்த பழைய பாஸை எடுத்து, மேலிருந்த தூசியை வேட்டியில் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று புதுப்பித்துக்கொண்டான் என்று தனலட்சுமி போன் பண்ணினாள். அதைச் சொன்னதும் வைத்துவிட்டாள். திங்கட்கிழமை ரிப்போர்ட் போனது. கம்பெனியின் நிலவியலாளர் வந்து ஒரு மணி நேரம் வாதாடினார். சார் சுரண்டிய தூளையும் உள்ளிருந்த கல்லையும் அவர் எதிரிலேயே மறுபடி ஓட்டிக் காட்டினார். துளை போட்ட மெஷினைத் தோப்பிலிருந்து கழற்றிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். ஊரில் பாதிப் பேர் நான் தோப்பைக் காப்பாற்றிவிட்டதாகப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. தனலட்சுமி என்னோடு பேச ரொம்ப நாளானது.

நீல உறை மாட்டிய பெண்ணே, உன் கையைப் பார்த்து நான் ஏன் திகைத்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். உறையைக் கழற்று என்று சொல்ல மாட்டேன், உன் கை உனக்கு முக்கியம். ஆனால் அன்றைக்கு நானும் அதை மாட்டியிருந்தால், மெஷின் சுத்தம், கிண்ணம் சுத்தம் என்று சொல்லி அந்த ரிசல்ட்டை அனுப்பியிருப்போம், குணா வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டிருப்பான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு ஆடுகிறது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து குணா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். கழுத்தில் புது பாஸ் தொங்கியது. காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் கேட்டான்.

"அண்ணி, கல்லுல நெசமாவே ஒண்ணும் இல்லியா?"

ரிப்போர்ட் போய்விட்டது, இனி சொல்லலாம். "இருக்கு குணா. சரக்கெல்லாம் இருக்கு. இன்னும் வேகல, அவ்வளவுதான்" என்றேன்.

"எப்ப வேவும்?"

"இன்னும் ரொம்ப ஆழத்துக்குப் புதையணும். கோடி வருஷமாகும்."

அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். எழுந்து போய் வாசலில் செருப்பை மாட்டினான். சிரிக்கவும் இல்லை, கோபமும் இல்லை.

"செரி அண்ணி. அதுவரைக்கும் பாஸப் புதுப்பிச்சிகினே இருக்கேன்" என்றான்.

போன மாதமும் புதுப்பித்துக்கொண்டான்.